சிக்னலில் நின்றால் குலுங்கும் மாருதி 800

கேள்வி: என்னிடம் 1998 மாடல் மாருதி 800 இருக்கிறது, கார்புரேட்டர் வண்டி. ஓடும்போது ஒரு குறையும் இல்லை. சிக்னலில் நின்றால் மிஸ்ஸிங் அடித்து வண்டியே குலுங்குகிறது, சில நேரம் ஆஃப் ஆகிவிடுகிறது. காலையில் சோக் இழுத்திருக்கும் வரை சீராக இருக்கிறது. மூன்று பிளக்கும் புதிதாகப் போட்டாயிற்று. கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டரை இப்போதைக்கு மாற்றாதீர்கள் ஐயா. உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. சோக் இழுத்தால் காற்று குறைந்து பெட்ரோல் கூடும். அப்போது எஞ்சின் சீராகிறது என்றால், மற்ற நேரத்தில் அதற்குப் பெட்ரோல் போதவில்லை, அல்லது எங்கோ கள்ளக்காற்று உள்ளே போகிறது.

எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, மிஸ்ஸிங் அடிக்கும்போதே சோக்கைக் கொஞ்சமாக இழுத்துப் பாருங்கள். சீரானால் நான் சொன்னதுதான். இன்னும் மோசமானால் பிளக் வயர், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரின் கேப், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உள்ள அழுத்தம்) பக்கம் போக வேண்டும்.

ஐடிலிங்கில், அதாவது வண்டி நின்று எஞ்சின் மட்டும் ஓடும்போது, தொல்லை வருவதற்குக் காரணம் உண்டு. அப்போது காற்றை உள்ளே விடும் கதவான த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருக்கும், எஞ்சின் இழுக்கும் காற்றே சொற்பம். அதில் ஒரு ஓட்டை வழியாக வரும் காற்று பெரிய பங்காகிவிடும். ரேஸ் கொடுத்ததும் உள்ளே போகும் காற்று பல மடங்காவதால் அதே ஓட்டை தெரியாமல் போய்விடும். போதாததற்கு இது மூன்று சிலிண்டர் எஞ்சின். ஒன்று படுத்தால் மூன்றில் ஒரு பங்கு போச்சு, குலுங்கத்தான் செய்யும்.

கோவையில் என் பட்டறைக்கு இதே 800 ஒன்று வந்தது. வேறு இடத்தில் இரண்டு கார்புரேட்டர் மாற்றியிருந்தார்கள். கார்புரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குக் கலவையைக் கொண்டுபோகும் மேனிஃபோல்டுக்குப் போகும் ஒரு ரப்பர் குழாய், அடிப்பக்கமாக வெடித்திருந்தது. மேலிருந்து பார்த்தால் தெரியாது. கண்ணாடித் துண்டைக் கீழே பிடித்துத்தான் கண்டுபிடித்தேன். அந்த வண்டிக்காரர் செலவழித்த பணத்தை நினைத்தால் இன்றைக்கும் மனசு கஷ்டப்படுகிறது.

அதனால் குழாய்களை ஒவ்வொன்றாகக் கையால் வளைத்துப் பாருங்கள், முக்கியமாக நுனிகளை. சூட்டில் அங்கேதான் விறைத்து வெடிக்கும். அடுத்து, எஞ்சின் ஓடும்போது கார்புரேட்டரின் அடியில் கசியாமல் இருக்க வைக்கும் கேஸ்கட், மேனிஃபோல்டு எஞ்சின் ஹெட்டில் சேரும் இடம் இரண்டிலும் சோப்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். மின் வயர்கள் மேல் படக் கூடாது. தண்ணீர் பட்டதும் எஞ்சின் சத்தம் மாறினால் ஓட்டை அங்கேதான். இதற்குச் சிலர் பெட்ரோல் தெளிப்பார்கள். சூடான எஞ்சினில் தீப்பற்றிக்கொள்ளும், அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

ஓட்டை இல்லையா? அப்புறம்தான் கார்புரேட்டர். அதுவும் மாற்றுவதற்கு அல்ல. ஐடிலிங்கில் பெட்ரோல் விடும் சிறு துளையான ஸ்லோ ஜெட்டைக் கழற்றி, காற்றடித்துச் சுத்தம் செய்து போடச் சொல்லுங்கள். கம்பி விட்டுக் குத்தக் கூடாது, துளை பெரிதாகிவிடும்.

பிளக் மூன்றையும் கழற்றி வரிசை மாறாமல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் வெளுத்து, மற்றவை காபிப் பொடி நிறத்தில் இருந்தால், அந்தச் சிலிண்டர் பக்கத்து மேனிஃபோல்டு கேஸ்கட்டின் மேல்தான் என் சந்தேகம்.

இதெல்லாம் சரியாக இருந்தும் சூடேற ஏறக் குலுக்கல் கூடினால், வால்வுகளைத் திறக்கும் பகுதியில் விடும் டேப்பெட் இடைவெளியைப் பாருங்கள். அது இறுகிவிட்டால் வால்வு முழுதாக மூடாது. வண்டி ஐடிலிங்கில் இருக்கும்போது சைலன்ஸர் வாயில் ஒரு தாளைத் தொங்கவிட்டுப் பாருங்கள். சீராக வெளியே தள்ளினால் நல்லது. நடுநடுவே உள்ளே இழுத்தால் எக்ஸாஸ்ட் வால்வு சந்தேகம்தான். கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்து, மூன்று சிலிண்டரின் அளவையும் எழுதி அனுப்புங்கள். கோளாறு வால்விலா, பிஸ்டன் ரிங்கிலா என்று பார்த்துச் சொல்கிறேன்.