கேளுங்கள், பேசுவோம்

கேள்வி: சுன்னாகத்தில் அப்பா தொடங்கிய போட்டோ ஸ்ரூடியோவை நடத்துகிறேன். இப்போது பொடியள் ஒரு கமராவும் ட்ரோனும் வாங்கிக்கொண்டு எங்கள் விலையில் பாதிக்குக் கலியாணம் எடுக்கிறார்கள். நானும் கடன்பட்டு அதே சாமான்களை வாங்குவதா, கடையைப் பூட்டுவதா? பெரிய கம்பனிகள் இப்படியான நேரத்தில் என்ன செய்கின்றன?
– ஒரு வாசகர், சுன்னாகம்

பதில்: கடன்படவும் வேண்டாம், பூட்டவும் வேண்டாம். பிலிம் விற்ற அமெரிக்கக் கம்பனியான கொடக்கின் கதையை எல்லாரும் பிழையாகத்தான் சொல்கிறார்கள். 1975இல் டிஜிற்றல் கமராவைச் செய்ததே அவர்களுடைய பொறியியலாளர்தான், பிறகு தூங்கிவிட்டார்கள் என்பார்கள். தூங்கவில்லை. 2005இல் அமெரிக்காவில் டிஜிற்றல் கமரா விற்பனையில் முதலிடத்தில் நின்றதும் கொடக்தான். ஆனால் அவர்களுக்குப் பெரிய லாபம் வந்தது பிலிமிலும் படம் கழுவும் கடதாசியிலும்; கமராவில் மிஞ்சியது சொற்பம். 2012 ஜனவரியில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனார்கள். புதிதாக வந்தவன் விற்பதையே நாமும் விற்றால் அவன் விலைக்குத்தான் விற்கவேண்டி வரும், உங்களுக்கோ கடை வாடகையும் இருக்கும்.

யப்பானியப் பிலிம் கம்பனியான புஜிபிலிமுக்கும் அதே அடிதான் விழுந்தது. அவர்கள் தங்கள் கையில் என்னென்ன வித்தை இருக்கிறது என்று முதலில் கணக்கெடுத்தார்கள். நம் தோலில் உள்ள கொலாஜன் என்ற புரதம் பிலிமிலும் இருக்கிறது, நிறம் மங்காமல் காக்கும் இரசாயனமும் தெரியும், அதை வைத்து முகப்பூச்சு விற்கத் தொடங்கினார்கள்; மெல்லிய படலம் செய்யும் பழக்கம் எல்.சி.டி. திரைகளுக்கு உதவியது. வலியில்லாமல் நடக்கவில்லை, ஆயிரக்கணக்கானோரின் வேலையும் போனது.

சரி, உங்களிடம் என்ன இருக்கிறது? அப்பா காலத்து நெகற்றிவ் பெட்டிகள் இருக்குமே! 1995 இடப்பெயர்வில் அல்பத்தை விட்டுவிட்டு ஓடிய குடும்பங்கள் எத்தனை, அம்மாவின் கலியாணப் படம் ஒன்றுகூட இல்லாமல் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகள் எத்தனை! அந்த முகங்கள் உங்கள் அலுமாரியில் இருக்கலாம், அவை எந்தப் பொடியனிடமும் இல்லை. ஸ்கான் பண்ணுங்கள், செல்லரித்த படங்களைத் திருத்திக் கொடுங்கள், ஆனால் அந்தந்தக் குடும்பத்துக்கு மட்டும், அவர்களைக் கேட்காமல் முகநூலில் போட வேண்டாம். கலியாணத்துக்கு ட்ரோன் தேவைப்பட்டால் அதே பொடியனைக் கூலிக்குக் கூப்பிடுங்கள். இந்த வேலைக்குத் தனிக் கொப்பியில் கணக்கெழுதுங்கள், முதல் வருசம் கலியாணக் காசோடு ஒப்பிட்டால் மனம் விட்டுப்போகும்.

மாரி தொடங்க முன்னம் அந்தப் பெட்டிகளை ஈரம் படாத அறைக்கு மாற்றுங்கள். பூஞ்சணம் பிடித்த நெகற்றிவில் முகத்தை மீட்பது பெரும் பாடு.