செல்லம்மாளைப் பாக்க யார் போறது?

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில மெர்ச்சன்டைசரா இருக்கேன். போன வாரம் ராத்திரி கரண்ட் போனப்ப நானும் வீட்டுக்காரியும் ஒரு விளையாட்டு விளையாடினோம். கதையில வர்ற யாராவது ஒருத்தரை நேர்ல பாக்கலாம்னா யாரைப் பாப்பேன்னு. நான் பொன்னியின் செல்வன்ல வர்ற வந்தியத்தேவன்னேன், அப்புறம் சுஜாதாவோட வக்கீலுங்க கணேஷ் வசந்த். அவ பூங்குழலின்னா. எழுத்தாளர்ல எனக்குப் புதுமைப்பித்தன்தான். அவர் கதையில கந்தசாமிப் பிள்ளை கடவுளோட காபி குடிச்ச மாதிரி நானும் அவரோட உக்காந்து ஒரு காபி குடிக்கணும், அந்த நக்கலை நேர்ல கேக்கணும். ஆனா எழுத்தாளங்களை நேர்ல பாத்தா ஏமாற்றமா இருக்கும்னும் சொல்றாங்க. எங்க தெருவுலயே ஒரு பெரியவர் இருக்கார், எண்பதுகள்ல ரெண்டு சிறுகதைத் தொகுப்பு போட்டவராம். புடிச்சா ஒரு மணி நேரம் விடமாட்டார், அதனால நான் பேக்கரி சந்து வழியா சுத்திப் போயிடுவேன். நீங்க யாரைப் பாக்க ஆசைப்படுவீங்க? சுஜாதா இருந்திருந்தா அவர்கிட்ட என்ன கேட்டிருப்பீங்க? ஜனவரியில சென்னை புத்தகக் காட்சிக்கு வந்தா ஒரு செல்ஃபி எடுத்துக்கணும். என் பேர் போடாதீங்க அக்கா.

*

அன்புள்ள தம்பி,

பேரை எடுத்துட்டேன். இந்த மாதிரி விளையாட்டுக் கேள்விக்கெல்லாம் நான் பதில் எழுதறது இல்ல, ஆனா கொஞ்ச நாளா புதுமைப்பித்தனைத் திரும்ப எடுத்துப் படிச்சுக்கிட்டு இருக்கேன், படிச்சு ஒரு கதையில மாட்டிக்கிட்டு அடுத்த கதைக்குப் போக முடியாம கிடக்கேன், அந்த நேரம் பாத்து உங்க கடிதம் வந்து நிக்குது. அதனாலதான் எழுதறேன்.

சுஜாதா கேள்வியை விடுங்க. அவர் வருஷக்கணக்கா பத்திரிகையில வாசகர் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லியே ஒரு தலைமுறைக்கு சயின்ஸ் சொல்லிக்கொடுத்தவர், நமக்குச் சொல்ல வேண்டியதை அவர் சொல்லிட்டுத்தான் போயிருக்கார். கணேஷ் வசந்தும் அப்படியே இருக்கட்டும், உங்க மேல கேஸ் ஏதும் இல்லாதப்ப அவங்ககிட்ட உங்களுக்கு என்ன வேலை.

வந்தியத்தேவனைப் பத்தி மட்டும் ஒண்ணு சொல்லணும். அவன் ஆடிப்பெருக்கு அன்னிக்கு வீரநாராயண ஏரிக்கரையில குதிரையில வர்றான், இடுப்புல ஆதித்த கரிகாலன் குடுத்த ஓலை இருக்கு, ஒண்ணு தஞ்சாவூர்ல சக்கரவர்த்திக்கு, இன்னொண்ணு பழையாறையில குந்தவைக்கு. அவனுக்கு வேலை இருக்கு. நல்லா எழுதப்பட்ட எல்லா ஆளுக்கும் இப்படி ஒரு வேலை இருக்கும், நாம போய் நின்னா அந்த வேலை நிக்கும். வந்தியத்தேவன் முகம் கொடுத்துப் பேசுற பையன், நின்னு பேசுவான், ஆனா கால் மணி நேரத்துல உங்க கம்பெனி ஷிப்மென்ட் எங்க போகுது, முதலாளி யாரு, அவருக்கும் அவர் தம்பிக்கும் என்ன தகராறுன்னு எல்லாத்தையும் கறந்துகிட்டு குதிரையைத் தட்டிட்டுப் போயிடுவான், உங்களுக்கு அவனைப் பத்தி ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. உங்க வீட்டுக்காரி சொன்ன பூங்குழலி உங்க தேர்வை விட நூறு மடங்கு மேல. ஆனா அவளும் கோடிக்கரையில படகைத் தள்ளிக்கிட்டுப் போயிட்டே இருப்பா, திரும்பிப் பாக்க மாட்டா. அவளைக் கரையில நின்னு பாத்தா போதும்னு உங்க வீட்டுக்காரிகிட்ட நான் சொன்னதாச் சொல்லுங்க.

இப்ப அந்தக் காபிக்கு வரேன். இதுலதான் எனக்குக் கோவம்.

1943ல வந்த கதை அது, கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும். மேலகரம் கந்தசாமிப் பிள்ளை பிராட்வேயும் எஸ்பிளனேடும் சேர்ற முனையில ஓரமா நிக்கறார், டிராம்ல போறதா பஸ்ல போறதா, எதுல போனா மிச்சமாகுற காசுல என்ன வாங்கலாம்னு மனசுக்குள்ள கணக்கு ஓடுது. அங்கதான் கடவுள் வர்றார். காபி குடிக்கறாங்க. அதோட கதை முடிஞ்சதுன்னு நீங்க நினைச்சுக்கிட்டு இருக்கீங்க போல. பிள்ளை அவர்கிட்ட வரம் கேக்கல, தன்னோட சித்த வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தா கேக்கறார். அப்புறம் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறார். அங்க காந்திமதி அம்மாள் இருக்கா, மாசக் கடைசியோ என்னமோ, வீட்டுல என்ன இருக்கோ அதை வச்சு வந்த மனுஷனுக்கும் சேத்து ஆக்கிப் போடணும். அந்தப் புள்ள வள்ளி தாத்தா தாத்தான்னு கடவுளைத் தெருவுல நொண்டி ஆட இழுத்துக்கிட்டுப் போய் அவரைத் தோக்கடிக்குது. பொழைப்புக்கு ஆடிக் காட்டப் போன இடத்துல, ஆடுறது சிவனே, ஆனா கலை தெரிஞ்ச பெரிய மனுஷன் ஆட்டம் சரியில்லன்னு வெளிய அனுப்பிடறார். கடைசியில கடவுள் என்ன சொல்லிட்டுக் கிளம்பறார்னு ஞாபகம் இருக்கா? உங்களுக்கெல்லாம் எட்டி நின்னு வரம் குடுக்கலாம், கூட இருந்து வாழ முடியாதுங்கறார். 

தம்பி, நீங்க புதுமைப்பித்தன்கிட்ட கேக்கறதும் அதேதான். எட்டி நின்னு ஒரு காபி, ரெண்டு நக்கல், முடிஞ்சா ஒரு ஃபோட்டோ. அந்தக் கதை யாரைத் திட்டுதோ அந்த இடத்துல போய் நாற்காலி போட்டு உக்காந்துக்கிட்டு கதை சூப்பர்னு சொல்றீங்க.

நான் மாட்டிக்கிட்ட கதை அது இல்ல. செல்லம்மாள். கிட்டத்தட்ட அதே காலத்துல எழுதினது. படிச்சிருக்கீங்களா? படிச்சிருந்தா உங்க விளையாட்டுல ஒரு நிமிஷமாவது அவ பேர் வந்திருக்கணும். பிரமநாயகம் பிள்ளை சென்னையில ஜவுளிக்கடையில வேலை பாக்கறவர், தென்பக்கத்து ஆள், சம்பளம் கைக்கும் வாய்க்கும் பத்தாது. பொண்டாட்டி செல்லம்மாள் ஓயாத நோயாளி. அவரே பொங்கி வச்சு, அவளுக்கு வேண்டியதைப் பக்கத்துல எடுத்து வச்சுட்டுக் கடைக்குப் போகணும், பகல் பூரா அவ அந்த வீட்டுல தனியாக் கிடக்கணும், சாயங்காலம் அவர் வர்றப்ப எந்த நிலையில இருப்பான்னு தெரியாது. ஊருக்குப் போகணும் ஊருக்குப் போகணும்னு அவளுக்கு ஒரே ஏக்கம். கதை தொடங்கறதே அவ மூச்சு அடங்கின ராத்திரியிலதான், அந்த வீட்டுல அவளும் அவரும் மட்டும், அவரால அழக்கூட முடியல, இனிமே அவளுக்கு வலி இல்லைங்கற நிம்மதியும் இருக்கு, அந்த நிம்மதியை யார்கிட்டயும் சொல்லவும் முடியாது. அந்த வரிகள்ல ஒரு நக்கல் கிடையாது தம்பி. நீங்க நேர்ல கேக்கணும்ங்கற நக்கல் எழுதின அதே கைதான் இதையும் எழுதியிருக்கு.

வந்தியத்தேவனுக்கு நாம வேண்டாம். பூங்குழலிக்கு நாம வேண்டவே வேண்டாம். குந்தவைக்கு நம்ம ஞாபகமே இருக்காது. செல்லம்மாளுக்கு ஒரு ஆள் வேணும். பகல்ல அந்த வீட்டுல இன்னொரு மனுஷி இருந்தா அவருக்குக் கடையில மனசு நிக்கும், இவளுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்க ஆள் இருக்கும். இத்தனை வருஷமா எத்தனை பேர் எத்தனை லிஸ்ட் போட்டிருப்போம், பிடிச்ச பாத்திரம், பாக்க ஆசைப்படற பாத்திரம்னு, யாராவது ஒருத்தர் செல்லம்மாளைப் பாக்கப் போறேன்னு சொல்லி நான் கேட்டது இல்ல. நாம பாக்கணும்னு ஆசைப்படறவங்க எல்லாருமே நம்மளைச் சந்தோஷப்படுத்தப் போறவங்களா இருக்காங்க. நம்மளால அவங்களுக்கு என்ன ஆகும்ங்கற கேள்வி நமக்கு வர்றதே இல்ல.

யாரைப் பாப்பீங்கன்னு கேட்டீங்கல்ல, நான் அவளைத்தான் பாப்பேன். நானும் திருநெல்வேலிப் பக்கந்தான். தை மாசமாப் பாத்துப் போவேன், ஊர்ல இருந்து ரெண்டு படி சிறுகிழங்கு எடுத்துட்டுப் போவேன், சாக்குல போட்டு உரசித் தோலை எடுத்து, தேங்கா நிறையப் போட்டுப் பொரிச்சுக் குடுப்பேன், அவளுக்கு ஒத்துக்குமோ ஒத்துக்காதோ ரெண்டு துண்டு வாயில வைக்கட்டும். பேசத் தெம்பு இருந்தா பேசுவா, இல்லன்னா நான் ஊர்க்கதை சொல்லிக்கிட்டுப் பக்கத்துல இருப்பேன், தாமிரபரணியில தண்ணி எவ்வளவு போகுது, நெல்லையப்பர் தேர் எங்க நின்னுச்சு, அந்த மாதிரி.

புதுமைப்பித்தனையே எடுத்துக்குங்க. நீங்க பாக்க நினைக்கறது சென்னையில, காபியும் வெத்தலையுமா, கூட நாலு நண்பர்களோட இருக்கற புதுமைப்பித்தன். பொண்டாட்டி கமலாவுக்கு அவர் எழுதின கடிதங்கள் புத்தகமா வந்திருக்கு, அதைப் படிச்சுப் பாருங்க, பணம் வரும், வந்ததும் அனுப்பறேன், சீக்கிரம் கூப்பிட்டுக்கறேன்னு அந்த மனுஷன் தவிக்கற தவிப்பு. அந்த அம்மாவும் கதை எழுதினவங்கதான், எத்தனை பேருக்குத் தெரியும். ராஜமுக்தி படத்துக்கு வசனம் எழுதப் புனே போனவர் காசநோயோடதான் திரும்பினார், திருவனந்தபுரத்துல 1948ல செத்தப்ப 42 வயசு. அந்த 42 வயசுக்காரர் இருமிக்கிட்டுப் படுத்திருக்கறப்ப ஒரு டம்ளர் வெந்நீர் எடுத்துக் குடுக்க நீங்க போவீங்களா? போவேன்னு சொன்னீங்கன்னா அப்ப உங்களுக்கு அவர் மேல இருக்கறதைப் பிரியம்னு நான் ஒத்துக்குவேன்.

எழுத்தாளனை நேர்ல பாத்தா ஏமாற்றம்னு சொல்றது சோம்பேறிப் பேச்சு. நான் காலேஜ் படிக்கறப்ப பக்கத்து டவுன்ல ஒரு எழுத்தாளர் இருந்தார், அவர் கதைகளை நான் மனப்பாடமா வச்சிருந்த காலம். ஒரு நோட்டு பூரா கேள்வி எழுதிக்கிட்டு பஸ் ஏறிப் போனேன். கதவைத் திறந்தவர் கையில கரண்டி. என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, "சைக்கிள் ஓட்டத் தெரியுமாம்மா?"ன்னு கேட்டார். வீட்டம்மா கால் முறிஞ்சு படுக்கையில, அன்னிக்கு ரேஷன்ல மண்ணெண்ணெய் ஊத்தற நாள், அவருக்கு வெயில்ல நிக்க முடியாது. கார்டையும் கேனையும் வாங்கிக்கிட்டுப் போனேன். வரிசை தெருமுனை வரைக்கும். கேன் மூடி சரியா இறுகாது, திரும்பி வர்றதுக்குள்ள தாவணி பூரா எண்ணெய் வாடை. வந்ததும் ரசஞ்சோறும் பருப்புத் தொவையலும் போட்டார், அவரே வச்சது, தொவையல்ல உப்பு தூக்கல். அந்தம்மா கட்டில்ல இருந்தபடியே என்கிட்ட, "இவுக கதையில வர்ற பொம்பளைக எல்லாம் பக்கம் பக்கமாப் பேசுதாளுவ, நான் என்னைக்குப் பேசியிருக்கேன் சொல்லு"ன்னாங்க. அவர் தலையைக் குனிஞ்சு சிரிச்சுக்கிட்டே சாப்பிட்டார்.

அந்த நோட்டை நான் திறக்கவே இல்ல. அடுத்த வாரம் போனேன், அதுக்கடுத்த வாரமும் போனேன், மருந்து வாங்கிக் குடுத்தேன், மாவு அரைச்சுட்டு வந்தேன். நான் ஒண்ணும் கேக்காமயே ஒருநாள் அவரா சொன்னார், ஒரு கதைக்கு ரெண்டு பக்கத்துக்கு முடிவு எழுதி வீட்டம்மாவுக்குப் படிச்சுக் காட்டியிருக்கார், சாவு வீட்டுல எவளும் இப்படிப் பேசமாட்டான்னு அவங்க ஒரே வார்த்தையில சொல்லிட்டாங்களாம், ரெண்டு பக்கத்தையும் கிழிச்சுட்டு முந்தின வரியோட நிறுத்திட்டாராம். எனக்கு எழுத்துல ஏதாவது தெரியும்னா அது அன்னிக்குக் கத்துக்கிட்டதுதான். நோட்டுல இருந்த எந்தக் கேள்வியைக் கேட்டிருந்தாலும் எனக்கு இது கிடைச்சிருக்காது.

இப்ப சொல்லுங்க, அந்த பேக்கரி சந்து.

உங்க கடிதத்துல நாலஞ்சு தடவை படிச்சது அந்த ஒரு வரியைத்தான். செத்துப்போய் எழுபது வருஷத்துக்கு மேல ஆன எழுத்தாளரோட காபி குடிக்க ஆசைப்படறீங்க, உங்க தெருவுல உயிரோட இருக்கற எழுத்தாளரைப் பாத்தா சுத்திப் போறீங்க. அவர் ஒரு மணி நேரம் பேசறாருன்னா அதுக்கு முன்னாடி எத்தனை நாள் அவர்கிட்ட யாருமே பேசாம இருந்திருப்பாங்க? ரெண்டு தொகுப்பு போட்ட மனுஷன். அந்தக் காலத்துல கைக்காசைப் போட்டு அச்சடிச்சு, பாதிக்கு மேல வீட்டுப் பரண்ல கட்டுக் கட்டாக் கிடந்து கரையான் தின்னு போன கதைங்க எனக்கு எத்தனையோ தெரியும், அவரோடது அப்படித்தான்னு நான் சொல்ல வரல, ஆனா நீங்க கேட்டுக்கூடப் பாக்கலையே. நல்ல கதையா, மோசமான கதையா, எதுவும் தெரியாமயே அவரை ஒதுக்கிட்டீங்க. மோசமான கதையாவே இருக்கட்டும், அதை எழுதறப்ப அந்த மனுஷன் ராத்திரி தூங்காம உக்காந்திருப்பார்ல?

உங்க மேல பிரியம் இருக்கறதாலதான் இவ்வளவு கடுமையாச் சொல்றேன். கரண்ட் போன ராத்திரியில ஃபோனை நோண்டாம பொண்டாட்டியோட பூங்குழலியைப் பத்திப் பேசற பையன் நல்ல பையனாத்தான் இருப்பான்.

ஞாயித்துக்கிழமை போங்க. உங்க வீட்டுக்காரியையும் கூட்டிட்டுப் போங்க, அவ பேச்சைக் கேக்கத் தெரிஞ்சவளா இருப்பான்னு தோணுது. அந்த ரெண்டு தொகுப்புலயும் அவர்கிட்ட ஒவ்வொரு காப்பிதான் மிச்சம் இருக்கும், பத்திரமா வாங்கி ஜெராக்ஸ் எடுத்துட்டு அன்னிக்கே திருப்பிக் குடுத்துடுங்க, வச்சுக்கிட்டு இழுத்தடிக்காதீங்க. கண்ணுக்கு மருந்து விடறாரா, மாத்திரை யாரு வாங்கித் தர்றாங்க, கரண்ட் பில் யாரு கட்டறாங்கன்னு பேச்சோட பேச்சா கேட்டு வைங்க. இலக்கியத்தைப் பத்தி முதல் நாளே ஆரம்பிக்க வேண்டாம். ஒரு மணி நேரம் பேசினா ஒரு மணி நேரமும் உக்காருங்க.

ஜனவரியில புத்தகக் காட்சிக்கு வருவேன், செல்ஃபியும் எடுத்துக்கலாம். அதுக்கு முன்னாடி அந்தத் தொகுப்புகளோட தலைப்பையும், அதுல உங்க ரெண்டு பேருக்கும் பிடிச்ச கதை எதுன்னும் எழுதி அனுப்புங்க. அவர் சம்மதிச்சா அந்தக் கதையை இங்கயே போடறேன், டைப் பண்ற வேலை உங்களோடது.

அன்புடன்,
அக்கா