வீட்டு பீர் குழாய்க்குக் குறைந்த செலவில் சொட்டுத் தட்டு செய்வது எப்படி?

கேள்வி: அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். கராஜில் இருக்கும் பழைய குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இரண்டு குழாய்களைப் பொருத்தி, வீட்டில் காய்ச்சும் பீரை அதிலிருந்து பிடித்துக் குடிக்கிறோம். குழாயிலிருந்து சொட்டுவது சிமெண்டுத் தரையில் விழுந்து பிசுபிசுக்கிறது. கோடையில் பழ ஈக்கள் மொய்க்கின்றன. கடையில் விற்கும் வடிகால் வைத்த தட்டின் விலை நான் குழாய்களுக்குக் கொடுத்ததைவிட அதிகம். கதவில் மேலும் துளை போடாமல், மலிவாக நானே ஒரு தட்டு செய்ய முடியுமா? அதற்கு வடிகால் குழாய் அவசியமா?

பதில்: முடியும். பெரிய தச்சுத் திறமையும் தேவையில்லை. ஆனால் தட்டு செய்யத் தொடங்குவதற்கு முன், உங்கள் குழாய் எவ்வளவு சொட்டுகிறது என்பதை ஓர் இரவு சோதித்துப் பாருங்கள். படுக்கப் போகும் முன் ஒவ்வொரு குழாயின் கீழும் காய்ந்த டம்ளர் ஒன்றை வைத்துவிட்டுக் காலையில் பாருங்கள். அடியில் சில துளிகள் மட்டும் இருந்தால் அது இயல்பானது. பழைய பாணிக் குழாய்களில் பீரை நிறுத்தும் அடைப்பு பின்பக்கம் இருப்பதால், பிடித்து முடித்த பிறகும் குழாயின் உடலுக்குள் கொஞ்சம் பீர் தங்கி, மெல்ல இறங்கும். அடைப்பு முன்பக்கம் அமைந்த குழாய்களில் இது வெகுவாகக் குறையும்.

காலையில் டம்ளரில் ஒரு கரண்டிக்கு மேல் பீர் சேர்ந்திருந்தால், அது கசிவு. ஐந்து விநாடிக்கு ஒரு துளி என்பது கண்ணுக்கு அற்பமாகத் தெரியலாம். ஆனால் இருபது துளி ஒரு மில்லிலிட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டால், ஒரு நாளில் 860 மில்லிலிட்டருக்கு மேல் வீணாகிறது. 19 லிட்டர் பிடிக்கும் ஒரு கெக் (பீரை நிரப்பிவைக்கும் உலோகக் கலன்) மூன்று வாரத்தில் தானாகவே காலியாகிவிடும். இதற்குக் காரணம் பெரும்பாலும் தேய்ந்த வாஷரோ வறண்டு வெடித்த ஓ-ரிங் எனப்படும் ரப்பர் வளையமோதான். குழாயின் மூக்கில் சொட்டாமல், கதவை ஒட்டிய இடத்தில் ஈரம் கசிந்தால், கதவை ஊடுருவும் தண்டோடு குழாயை இணைக்கும் மரையை இறுக்கிப் பாருங்கள். சில்லறைக் காசில் வாங்கும் ஒரு வாஷர் செய்ய வேண்டிய வேலையைத் தட்டின் தலையில் சுமத்தக் கூடாது.

நுரை மிகுதியாக வந்து, ஒவ்வொரு முறையும் அரை டம்ளர் வழிந்தால், அதுவும் தட்டுக்கு முன்பே தீர்க்க வேண்டிய சிக்கல்தான். பெட்டிக்குள் 38 டிகிரி பாரன்ஹீட் குளிரும், கெக்கிலிருந்து பீரைத் தள்ளும் வாயுவுக்கு 10 முதல் 12 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) வரையிலான அழுத்தமும் இருக்கையில், கெக்கையும் கதவுக் குழாயையும் இணைக்கும் 3/16 அங்குல உள்விட்டமுள்ள பிளாஸ்டிக் குழாய் எட்டு முதல் பத்து அடி நீளம் இருந்தால் பீர் நிதானமாக வரும். கடையில் விற்கும் பல பொருத்துத் தொகுப்புகளோடு கொடுக்கப்படும் ஐந்தடிக் குழாய் இதற்குப் போதாது. கராஜின் வெக்கையில் குழாயின் உலோகம் சூடாகியிருப்பதால் முதல் டம்ளரின் தொடக்கத்தில் மட்டும் நுரைக்கும். அந்தச் சிறு அளவைத் தட்டில் விட்டுவிடுவதுதான் வழக்கம்.

இனித் தட்டுக்கு வருவோம். பீர் புளிப்புத்தன்மை உடையது; அதன் பிஎச் அளவு பெரும்பாலும் 4-க்கும் 4.5-க்கும் இடையில் இருக்கும். எனவே துத்தநாகம் பூசிய தகரம் விரைவில் வெளுத்து, பூச்சு போய்த் துருப்பிடிக்கும். அலுமினியம் பீருக்கு ஓரளவு தாக்குப்பிடித்தாலும், பீர்க் குழாய்களைக் கழுவப் பயன்படும் காரக் கரைசல் பட்டால் கறுத்து அரிக்கப்பட்டுவிடும். ஆகவே கேக் சுடும் அலுமினியத் தட்டை நான் பரிந்துரைப்பதில்லை, அது எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் சரி.

என் தேர்வு, உணவகங்களில் குழம்பையும் பொரியலையும் சூடாக வைத்துப் பரிமாறப் பயன்படும் செவ்வக எவர்சில்வர் பாத்திரம். உணவகச் சாமான் விற்கும் எந்தக் கடையிலும் அது கிடைக்கும். மூன்றில் ஒரு பங்கு அளவு என்று கேளுங்கள்: நீளம் ஏறக்குறைய 12¾ அங்குலம், அகலம் 6⅞ அங்குலம். ஆழத்தில் 2½ அங்குலமே போதும். இரண்டு குழாய்களுக்கு இடையில் நான்கு அங்குல இடைவெளி இருந்தாலும், இருபுறமும் நான்கு அங்குலத்துக்கு மேல் இடம் மிஞ்சும். இரண்டரை லிட்டரை ஒட்டிய கொள்ளளவு இருப்பதால் விருந்து நாளிலும் வழியாது. இவற்றுக்கெல்லாம் மேலாக, அதன் வாயைச் சுற்றி மடித்த விளிம்பு ஒன்று இருக்கிறது. அந்த விளிம்புதான் நமக்கு முக்கியம். மரச் சட்டத்தில் ஒரு செவ்வக வாய் வெட்டிப் பாத்திரத்தை அதில் இறக்கினால், விளிம்பு சட்டத்தின் மேல் உட்கார்ந்துகொள்ளும். தூக்கினால் கையோடு வந்துவிடும். சொட்டுத் தட்டுக்கு அழகைவிட, ஒரு கையால் எடுத்துச் சமையலறைத் தொட்டிக்குக் கொண்டுபோகும் எளிமை முக்கியம். கழற்றுவது கடினமான தட்டு கழுவப்படாது. கழுவப்படாத தட்டு ஈக்களின் பிள்ளைப்பேற்று அறையாகிவிடும்.

வீட்டில் இருக்கும் எவர்சில்வர் தட்டையே பயன்படுத்தலாமா என்று கேட்கத் தோன்றும். ஒரே குழாய் என்றால் தாராளமாகப் பயன்படுத்தலாம். விளிம்பு உயர்ந்த தாம்பாளமும், அதன் மேல் இட்லிப் பானைக்குள் வைக்கும் துளையிட்ட தட்டும் இருந்தால் செலவே இல்லை. ஆனால் துளைகளுக்கு நடுவே உள்ள தட்டையான பரப்பில் பீர் தேங்கி நிற்கும். ஈரமான டம்ளரைத் தூக்கும்போது தட்டும் ஒட்டிக்கொண்டு மேலே வரும். மேலும், எல்லா எவர்சில்வரும் ஒன்றல்ல. காந்தம் நன்றாக ஒட்டினால் அது நிக்கல் குறைந்த வகையாக இருக்கக்கூடும். ஈரம் தங்கினால் நாளடைவில் துருப்புள்ளி வரும். காந்தம் ஒட்டவில்லை என்பதாலேயே உயர்ந்த 304 வகை என்று முடிவுகட்டவும் முடியாது, ஏனென்றால் மாங்கனீஸ் கலந்த மலிவான 200 வரிசை எஃகிலும் காந்தம் ஒட்டாது. பாத்திரத்தின் அடியில் 18/8 அல்லது 304 என்ற முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அளவெடுப்பதில் அவசரப்பட வேண்டாம். குழாய் மூக்கில் ஒரு நூலைக் கட்டி, முனையில் கனமான மரை ஒன்றை மாட்டித் தூக்குநூலாகத் தொங்கவிடுங்கள். கதவிலிருந்து அந்த நூல் எவ்வளவு தள்ளி நிற்கிறதோ அதுவே துளி விழும் இடம்; அது பாத்திரத்தின் நடுப்பகுதிக்குள் வர வேண்டும். உயரத்துக்கு, வீட்டிலுள்ள டம்ளர்களிலேயே உயரமானதை எடுத்துக்கொண்டு, அதன் உயரத்தோடு இரண்டு அங்குலம் கூட்டுங்கள். வழக்கமான அமெரிக்கப் பைண்டு டம்ளர் ஆறு அங்குலத்தை ஒட்டியதுதான் என்றாலும், கோதுமை பீருக்கான நெட்டை டம்ளரும் அரை காலன் புட்டியும் உங்களிடம் இருந்தால் அவற்றைக் கணக்கில் கொள்ள வேண்டும். டம்ளரைச் சாய்த்துப் பிடித்துத்தான் நிரப்புவோம் என்பதால், கை நுழையவும் இடம் வேண்டும். அதற்காகத் தட்டை மிகவும் கீழே இறக்கிவிடாதீர்கள்; விழும் உயரம் கூடக் கூடத் துளி தெறிக்கும் தூரமும் கூடும்.

சட்டத்துக்கு ஒன்றுக்கு நான்கு என்ற பெயரில் விற்கப்படும் பலகை போதும். உண்மையில் அதன் கனம் முக்கால் அங்குலம், அகலம் மூன்றரை அங்குலம். இரண்டு துண்டுகளை நீளவாக்கிலும் இரண்டை அகலவாக்கிலும் வைத்து, நடுவில் பாத்திரத்தின் உடல் நுழையும் அளவுக்கு வாய் விட்டு, ஸ்குரூ வைத்துச் செவ்வகமாக இணைத்தால் ஜிக்சா ரம்பத்துக்கும் வேலை இல்லை. பாத்திரத்தை ஒரு தாளின் மேல் கவிழ்த்து, விளிம்பைச் சுற்றிக் கோடு இழுத்து, விளிம்பின் அகலத்தை உள்பக்கமாகக் கழித்தால் வாயின் அளவு கிடைத்துவிடும். பின்புறம், கதவோடு ஒட்டி நிற்கும் செங்குத்துப் பலகை ஒன்றைக் கொடுத்து, சட்டத்தை இரண்டு எல் ஆங்கிளால் அதோடு இறுக்குங்கள். மரத்துக்குப் பாலியூரித்தேன் வார்னிஷ் மூன்று பூச்சு தேவை. வெட்டுவாய்கள் தண்ணீரைக் குடிக்கும் இடங்கள் என்பதால் அங்கே இன்னொரு பூச்சு கூடுதலாகக் கொடுங்கள்.

கதவில் துளை போட வேண்டாம் என்ற உங்கள் முடிவு சரியானது. கதவின் மேல்தகடு மெல்லியது, உள்ளே நுரைப்பஞ்சுதான் இருக்கிறது. அதில் ஸ்குரூ நெடுநாள் பிடிக்காது. (பெட்டி வடிவ ஃப்ரீசரைப் பீர்ப் பெட்டியாக மாற்றியவர்கள் இதைப் படித்தால் ஓர் எச்சரிக்கை: அதன் சுவருக்குள் குளிரூட்டும் வாயு ஓடும் குழாய்கள் பதிந்திருக்கும். சுவரில் எங்கும் துளையிடாதீர்கள். பெட்டிக்கும் மூடிக்கும் நடுவே வைத்த மரச் சட்டத்தில் மட்டும் மாட்டுங்கள்.) உங்கள் கதவு காந்தத்தை இழுக்கிறதா என்று முதலில் பாருங்கள். இழுத்தால், ரப்பர் உறையிட்ட நியோடிமியம் காந்தங்களைப் பின்பலகையில் பதிக்கலாம்.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். காந்தம் விற்கப்படும் அட்டையில் போட்டிருக்கும் எடை, அதைத் தகட்டிலிருந்து நேராகப் பிடுங்கத் தேவைப்படும் விசை. செங்குத்துக் கதவிலோ காந்தம் கீழ்நோக்கி வழுக்கப் பார்க்கும். அப்போது அந்த எடையில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் நம்பலாம். பாத்திரம், சட்டம், நிறைந்த டம்ளர், கையின் அழுத்தம் எல்லாம் சேர்ந்து நான்கு கிலோ என்று கொண்டால், அட்டையில் போட்ட கணக்குப்படி இருபது கிலோ வேண்டும். பாதுகாப்புக்காக இருமடங்காக, நாற்பது கிலோவாக வைத்துக்கொள்ளுங்கள். ஏழு கிலோ காந்தங்கள் ஆறு வைத்தால் சரியாகிவிடும். தட்டு முன்னால் நீண்டிருப்பதால் பின்பலகையின் மேல்முனையைக் கதவிலிருந்து பெயர்க்கவும் பார்க்கும். ஆகவே பின்பலகையின் உயரம் எட்டு அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். காந்தங்களில் நான்கை மேல் ஓரத்திலும் இரண்டைக் கீழேயும் வையுங்கள். கதவு காந்தத்தை இழுக்காவிட்டால் எதையும் மாட்டாமல், உரிய உயரத்தில் ஒரு முக்காலியைப் போட்டு அதன் மேல் பாத்திரத்தை வைத்துவிடுவதே நல்லது.

டம்ளர் நிற்பதற்கான கம்பி வலைக்கு, கேக்கை ஆறவைக்கும் கம்பித் தட்டை வாங்கி அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம். முழுக்க எவர்சில்வரால் ஆனதாகப் பாருங்கள். குரோமியம் பூசிய இரும்புக் கம்பியை வெட்டினால் வெட்டிய முனைகளிலிருந்தே துரு தொடங்கும். ஆக்சா பிளேடால் அறுத்து, முனைகளை அரத்தால் மழுக்கிவிடுங்கள். கம்பிகளுக்கு இடையில் அரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் டம்ளர் ஆடும். வலையை விளிம்பின் மேல் வைக்காமல், நான்கு மூலையிலும் சிலிகான் அடைப்பான்களைக் கால்களாகக் கொடுத்து, விளிம்புக்கு அரை அங்குலம் கீழே இருக்கும்படி உள்ளே இறக்குங்கள். அப்போது டம்ளர் வழுக்கி வெளியே போகாது. பாத்திரத்தின் அடியில் மோதித் தெறிக்கும் துளியும் சுவருக்குள்ளேயே அடங்கும்.

வடிகால் குழாய் பற்றிக் கேட்டீர்கள். இரண்டு குழாய் உள்ள வீட்டுக்கு அது வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. வடிகால் வைத்தால், பாத்திரத்தை வழித்துக் கழுவும் பழக்கம் போய்விடுகிறது. ஆனால் அழுக்கு போவதில்லை, கண்ணில் படாத ரப்பர் குழாய்க்குள் நகர்ந்துவிடுகிறது. அங்கே பீரின் ஆல்கஹாலை அசிட்டிக் நுண்ணுயிரிகள் புளிக்காடியாக மாற்றுகின்றன. பழ ஈக்களைத் தூரத்திலிருந்து அழைப்பது அந்த வாசனைதான். 25 டிகிரி செல்சியஸ் சூட்டில் முட்டையிலிருந்து முழு ஈயாக அவற்றுக்குப் பத்து நாள் போதும். பிற்காலத்தில் நான்கைந்து குழாய் வைக்க நேர்ந்து, வடிகால் தவிர்க்க முடியாததானால், எவர்சில்வரில் துளையிடும்போது டிரில்லை மெதுவாகச் சுழலவிட்டு, எண்ணெய் விட்டு, அழுத்திப் பிடியுங்கள். வேகமாகச் சுற்றினால் அந்த எஃகு சூடேறி இறுகி, பிட்டின் முனைதான் மழுங்கும்.

குடித்து முடித்த அன்று இரவே பாத்திரத்தையும் வலையையும் வெந்நீரில் அலசிக் கவிழ்த்து வையுங்கள். விருந்துக்கு முன் பாத்திரத்தில் அரைக் கோப்பைத் தண்ணீர் ஊற்றி வைத்தால், சிந்தும் பீர் அடியில் காய்ந்து ஒட்டாது. வாரம் ஒருமுறை, பீரை நொதிக்கவைக்கும் கலன்களைக் கழுவும் பெர்கார்பனேட் தூளையே வெந்நீரில் கரைத்து ஊறவிடலாம். குளோரின் ப்ளீச் மட்டும் கூடவே கூடாது; அது எவர்சில்வரில் ஊசிமுனைக் குழிகளை உண்டாக்கும். பழ ஈக்கள் தட்டோடு நிற்பதில்லை, ஈரமான குழாய் மூக்குக்குள்ளும் ஏறும். ஆகவே தட்டைக் கழுவும்போதே குழாய் மூக்கின் உட்புறத்தைச் சிறு பிரஷால் தேய்த்து, வெந்நீர் பீய்ச்சிவிட்டு, அதற்கென்று விற்கும் ரப்பர் மூடியைச் செருகிவிடுங்கள்.