நாலு நோட்டும் முடியாத ஒரு கதையும்

கேள்வி: திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு நெல் கொள்முதல் நிலையத்தில் பருவகாலப் பட்டியல் எழுத்தராக இருக்கிறேன். வயது 41. பள்ளி நாளிலிருந்து கதை எழுதுகிறேன். நாலு நோட்டு நிறைந்துவிட்டது. எதையும் எங்கும் அனுப்பியதில்லை. "எழுதி என்னத்தக் கிழிக்கப் போறீங்க?" என்கிறார் மனைவி. வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் எழுதினால்தான் உருப்படுமோ என்று தோன்றுகிறது. எழுத்தைத் துணிந்து கையில் எடுக்க என்ன வழி? ஒரு கதையின் இரண்டு பக்கங்களை இணைத்திருக்கிறேன். எனக்குத் தகுதி இருக்கிறதா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் எல்லாம் தாலுகா ஆபீஸில் தருவார்கள். எழுதத் தகுதிச் சான்றிதழ் தருகிற ஆபீஸ் எங்கும் இல்லை, எங்கள் இதழிலும் இல்லை.

வேலையை விடாதீர்கள். கும்பகோணத்து ந. பிச்சமூர்த்தி வக்கீலாக இருந்தார், பிறகு கோயில் நிர்வாக அதிகாரியாக இருந்தார். அதே ஊர் எம்.வி. வெங்கட்ராம் ஜரிகை வியாபாரம் பார்த்தவர். தமிழில் சிறுகதைக்கு வருகிற சன்மானத்தை நம்பி மளிகைக் கடையில் கணக்கு வைக்க முடியாது. பல சிற்றிதழ்களில் இதழ்ப் பிரதிதான் சன்மானம்.

உங்கள் வேலையோ எழுதுகிறவனுக்கு வாய்ப்பானது. குறுவை நெல் செப்டம்பர், அக்டோபரில் வரும். சம்பாவும் தாளடியும் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. பகலெல்லாம் ஈரப்பதம் பார்த்து, 40 கிலோ சிப்பம் எண்ணி, ராத்திரி லாரிக்குக் காத்திருக்கிற ஆளால் கதை எழுத முடியாது, முயலவும் வேண்டாம். அந்த மாதங்களில் சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு போதும். யார் என்ன சொன்னார்கள் என்பதை அவர்கள் வாய்ச்சொல்லிலேயே, நாளுக்கு நாலு வரி. உங்கள் கருத்து அதில் வேண்டாம். கொள்முதல் ஓய்ந்ததும் உட்காருங்கள். காலையில் முக்கால் மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள். மேட்டூர் திறக்கும் வழக்கமான தேதி ஜூன் 12. அந்தத் தண்ணீர் உங்கள் கடைமடைக்கு வந்து சேர்வதற்குள் ஒரு கதை முடிந்திருக்க வேண்டும். அணை திறப்பது தள்ளிப்போன வருஷத்தில் உங்கள் கெடுவையும் தள்ளிப்போடாதீர்கள்.

இனி அந்த இரண்டு பக்கம். மனைவி கேட்டதற்கு என்னிடம் பதில் உண்டு: கிழிக்க வேண்டியது முதல் பக்கத்தை. "கதிரவன் தன் பொற்கதிர்களை வயலெங்கும் வாரி இறைத்தான்" என்று தொடங்குகிறீர்கள். திருத்துறைப்பூண்டியில் அப்படி ஒரு சூரியனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பாடப் புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். இரண்டாம் பக்கத்தில் மழை வருகிறது. பெரியவர் தார்ப்பாயை இழுக்கிற இழுப்பில், மூலையில் பாரத்துக்கு வைத்த செங்கல் கூடவே உருண்டு வருகிறது. மழை விடுகிறது. ஈரப்பத மீட்டரில் 19 சதவீதம் காட்டுகிறது. "17க்கு மேல எடுக்க முடியாதுங்கய்யா" என்கிறான் எழுத்தன். பெரியவர் குவியலுக்குள் கையை விட்டு ஒரு நெல்லை எடுத்துப் பல்லில் வைத்துக் கடிக்கிறார். "தம்பி, சத்தம் கேக்குதா?"

இதை எழுதத் தெரிந்தவர் என்னிடம் தகுதி கேட்கிறார்!

ஆனால் அடுத்த வரியில் என்ன செய்திருக்கிறீர்கள்? "உழவனின் கண்ணீருக்கு விடிவு எப்போது?" என்று நீங்களே நடுவில் புகுந்து அழுகிறீர்கள். கதை அங்கே நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று எனக்குத் தெரிகிறது. அந்த மீட்டரைப் பிடித்திருக்கிறவன் நீங்கள். அவன் நெல்லை எடுத்தானா, திருப்பினானா, 'நாளைக்கு வாங்க' என்று நழுவினானா என்று எழுதினால் உங்களைப் பற்றி ஊருக்குத் தெரிந்துவிடும். நீங்கள் கேட்கிற துணிச்சல் இந்த ஒரு இடத்துக்குத்தான் தேவை. மற்ற மூன்று நோட்டுக் கதைகளும் இதேபோன்ற இடத்தில்தான் நிற்கும் என்று பந்தயம் கட்டுவேன்.

ஆள் அடையாளம் தெரியுமே என்ற பயத்துக்குக் கைவேலை இருக்கிறது. இரண்டு மூன்று பேரைச் சேர்த்து ஒரு பெரியவரைச் செய்யுங்கள். நிலையத்தைப் பட்டுக்கோட்டைப் பக்கம் கொண்டுபோங்கள். ஆனால் ஊரை மாற்றினால் ஆற்றையும் மாற்ற வேண்டும்: அங்கே கல்லணைக் கால்வாய்ப் பாசனம், உங்கள் பக்கம் வெண்ணாற்றுப் பாசனம். இதைக் கவனிக்காமல் விட்டால் தஞ்சாவூர்க்காரர் ஒருவர் நிச்சயம் கடிதம் போடுவார். புனைபெயரும் வைத்துக்கொள்ளலாம், எங்களுக்கு மட்டும் உண்மைப் பெயரும் முகவரியும் வேண்டும்.

முடித்த கதையை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். "அருமை அண்ணே" என்று பத்து கைகூப்பல் வரும், ஒருவரும் முழுக்கப் படித்திருக்க மாட்டார்கள். முகநூலில் போட்டால் பல இதழ்கள் அதைப் பிரசுரமான கதையாகவே கொள்ளும். வாசிக்கிற பழக்கமுள்ள ஒரே ஒருவரிடம் கொடுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்காமல், எந்தப் பக்கத்தில் கீழே வைத்தீர்கள் என்று கேளுங்கள். அதற்கு முன் நீங்களே ஒருமுறை சத்தமாகப் படியுங்கள். பெரியவரும் எழுத்தனும் ஒரே மாதிரி பேசுவது அப்போது காதில் விழும்.

முதல் கதைக்கு 1,500லிருந்து 2,000 சொல் போதும். கையெழுத்தில் பக்கத்துக்கு 150 சொல் என்றால் பத்திலிருந்து பதின்மூன்று பக்கம். தட்டச்சு கட்டாயம் யூனிகோடில். டிடிபி கடையில் பழைய எழுத்துருவில் அடித்துக் கொடுத்தால் எங்கள் கணினியில் அது வெறும் குப்பையாகத் திறக்கும். செல்போனில் பேசியே தட்டச்சு செய்யலாம், ஆனால் 'வந்துச்சு', 'கேக்குது' எல்லாவற்றையும் அது தன் இஷ்டத்துக்கு மாற்றும், வரிவரியாகச் சரிபாருங்கள். ஒற்றுப் பிழை இருந்தால் இருக்கட்டும், அதை நாங்கள் பார்த்துக்கொள்வோம். வேர்டு கோப்பாக அனுப்புங்கள். பெயர், முகவரி, போன் நம்பர், 'வேறெங்கும் அனுப்பவில்லை' என்று ஒரு வரி. வாழ்க்கை வரலாறு வேண்டாம்.

ஒரு கதை ஒரு சமயத்தில் ஒரு இதழுக்குத்தான். அனுப்பிய தேதியைக் குறித்து வையுங்கள். பட்டியல் எழுத்தருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்று மாதம் பாருங்கள், ஒரு நினைவூட்டல் போடுங்கள், அதற்கும் பதில் இல்லையென்றால் இன்னாருக்கு அனுப்புகிறேன் என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த இதழுக்கு அனுப்புங்கள். திரும்பி வந்தால் காரணம் கேட்டுப் போன் செய்யாதீர்கள். ஆசிரியர் குழுவுக்குப் பெரும்பாலும் காரணம் நினைவிருக்காது.

மற்ற மூன்று நோட்டுகளையும் பரணில் போடுங்கள். மீட்டர் 19 காட்டிய கதை முடிந்ததும் எங்களுக்கே அனுப்பலாம். இந்தத் தடவை போல நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினால் படிக்கமாட்டோம்.