தொலைந்த நாயைத் தேடுவது எப்படி? பெங்களூரு வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

அல்சூர் வாசகி: தீபாவளி வெடிக்கு மிரண்டு எங்கள் லாப்ரடார் ஓடிவிட்டது. குடும்பத்தோடு பேர் சொல்லிக் கத்திக்கொண்டு தேடுகிறோம். கிடைக்குமா?

முதலில் கத்துவதை நிறுத்துங்கள் அம்மா. மிரண்ட நாய் சில சமயம் வளர்த்தவர் குரலுக்கே பயந்து ஓடும். பகலில் கார் அடியிலோ, பாதி கட்டிய கட்டடத்திலோ பதுங்கிக் கிடக்கும். ஊர் அடங்கியதும், விடியுமுன்னும்தான் வெளியே தலைகாட்டும். அந்த நேரத்தில் இரண்டு பேர் மட்டும் போங்கள். கண்ணில் பட்டால் துரத்தாதீர்கள். பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்கார்ந்து, அதற்குப் பிடித்த சாப்பாட்டைப் போடுங்கள். போஸ்டர் கன்னடத்திலும் இந்தியிலும் இருக்கட்டும். விடிகாலையில் தெருவில் இருப்பவர்கள் பௌரகார்மிகர்கள் (மாநகராட்சித் துப்புரவுப் பணியாளர்கள்), பால் போடுகிறவர்கள், செக்யூரிட்டிகள். அவர்களுக்குப் புரிய வேண்டும். நாயின் ஓர் அடையாளத்தை மட்டும் போஸ்டரில் போடாதீர்கள், யாருக்கும் சொல்லாதீர்கள்.

முருகேஷ்பாளையா வாசகர்: நாய் தன்னிடம் இருப்பதாக ஒருவர் போன் செய்து, வண்டிச் செலவுக்கு முன்பணம் கேட்கிறார்.

அனுப்பாதீர்கள். வீடியோ காலில் நாயைக் காட்டச் சொல்லுங்கள். யாருக்கும் சொல்லாத அந்த ஓர் அடையாளத்தையும் கேளுங்கள். முதல் பதிலில் அதை மறைத்து வைக்கச் சொன்னது இதற்குத்தான்.

பிரேசர் டவுன் வாசகி: எதிர்வீட்டு நாய் மறுபடியும் தொலைந்துவிட்டது. 'வளர்க்கத் தெரியாதவர்களுக்கு எதற்கு நாய்' என்று அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். தவறா?

தவறுதான். நாய் தெருவில் நிற்கிற நேரத்தில் அந்தக் கேள்வி யாருக்கு உதவும்? திட்டு வாங்கியவர் அடுத்த முறை அவமானத்துக்குப் பயந்து தகவலையே போடமாட்டார். 'கேட்டைத் திறந்து வைத்துவிட்டோம்' என்று உண்மையைச் சொன்னால்தான் எந்தப் பக்கம், எப்போது ஓடியது என்று தெரியும். அதோடு, 'நேற்று ஏழாவது கிராஸில் பார்த்தேன்' என்று யாராவது எழுதியிருப்பார்கள். அந்த ஒரு வரி உங்கள் சண்டைக்கடியில் புதைந்துபோகும். நாய் வீட்டுக்கு வரட்டும். அப்புறம் நேரில் போய், கேட்டுக்கு நல்ல தாழ்ப்பாள் போடச் சொல்லுங்கள்.

கோரமங்களா வாசகர்: பிரேசர் டவுன் அம்மா சொன்னதில் நியாயம் இருக்கிறதே. கிடைத்த நாயை அப்படிப்பட்டவர்களிடம் திருப்பிக் கொடுக்காமல் நல்ல வீட்டில் விட்டால் என்ன?

கூடாது. கேட் திறந்திருந்தது கொடுமை ஆகாது. அடித்தார்கள், பட்டினி போட்டார்கள் என்றால் 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, புகார் கொடுங்கள். அடுத்தவர் நாயை நீங்களாகவே யாருக்கோ கொடுக்க உங்களுக்கு உரிமை இல்லை. வீட்டுக்காரர் அழுதுகொண்டு தேடுவதை நான் பார்த்திருக்கிறேன். அவரைக் குற்றவாளியாக நிறுத்தித் தீர்ப்பு சொல்ல நமக்கு என்ன தகுதி?

பானஸ்வாடி வாசகர்: மைக்ரோசிப் போட்டால் நாய் இருக்கும் இடம் போனில் தெரியுமா?

தெரியாது. அது நாயின் தோலுக்கடியில் வைக்கும் சிறு சிப். அதில் இருப்பது 15 இலக்க எண் மட்டும். சிப்பைப் படிக்கும் ரீடர் கருவி வைத்திருக்கும் கிளினிக்கில் படிப்பார்கள். உங்கள் போன் நம்பர் மாறினால் சிப் எண்ணுக்கான பதிவிலும் மாற்றுங்கள்.

காக்ஸ் டவுன் வாசகி: காது நுனி வெட்டிய நாய் எங்கள் தெருவில் திரிகிறது. தொலைந்ததா?

கருத்தடை செய்த தெருநாயாக இருக்கும். அந்தத் தெருதான் அதன் வீடு. பிடித்துக்கொண்டு போய் வேறு இடத்தில் விடாதீர்கள்.

ஜீவன்பீமா நகர் வாசகர்: நாலைந்து பேர் சேர்ந்து சுற்றி வளைத்துப் பிடிக்கலாமா?

முதல் பதிலைப் படியுங்கள். துரத்தினால் மெயின் ரோட்டில் வண்டிக்கு அடியில் போய் விழும்.

விவேக் நகர் வாசகி: பிடிக்கும்போது கடித்துவிட்டது. மஞ்சள் வைக்கலாமா?

வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.