ஆளில்லாத வீடு, கரண்ட் இல்லாத தொட்டி: மீன் வளர்ப்போர் கேள்வி பதில்

ஊருக்குக் கிளம்பும் நாளில் தொட்டியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே செருப்பு மாட்டுகிறவர்களில் நானும் ஒருவன். அதனால் இந்த முறை வந்த கேள்விகளில் கரண்ட் போவது பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: நான்கு நாள் வீட்டில் யாரும் இருக்க மாட்டோம். கரண்ட் போனால் மீன்கள் எத்தனை மணி நேரம் தாங்கும்?

இத்தனை மணி நேரம் என்று எல்லாத் தொட்டிக்கும் ஒரே கணக்குச் சொல்ல முடியாது. முதலில் தீர்ந்துபோவது தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜன். 25 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 8 மில்லிகிராம்தான் பிடித்து வைக்கும். 30 டிகிரியானால் ஏழரை. தண்ணீர் சூடாகச் சூடாக மீனுக்கு மூச்சுத் தேவையும் கூடும் என்பதால் இரண்டு பக்கமும் இடி. 50 லிட்டர் தொட்டியில் ஆறு கப்பி மீன் மட்டும் இருந்தால் ஒரு நாள் கரண்ட் இல்லாவிட்டாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். அதே தொட்டியில் கையளவு கோல்டு ஃபிஷ் நாலு இருந்தால் சில மணி நேரத்திலேயே மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். உங்களுடையது நெரிசலான தொட்டி என்றால், பயணத்துக்கு முன்பே சில மீன்களை நண்பரிடம் விட்டுவிடுங்கள். கிளம்பும் வாரத்தில் புது மீன் வாங்கவே வேண்டாம்.

கேள்வி: பேட்டரி ஏர் பம்ப் வாங்கலாம் என்று இருக்கிறேன். எதைப் பார்த்து வாங்குவது?

கரண்ட் நின்றதும் தானாக ஓடத் தொடங்கும் வகைதான் உங்களுக்கு வேண்டும். சுவிட்ச் போட்டால்தான் ஓடும் என்றால், ஆளில்லாத வீட்டில் அது இருந்தும் பயனில்லை. பவர் பேங்க்கில் யூஎஸ்பி பம்ப்பைச் சொருகிவிட்டுப் போக நினைக்கிறவர்கள் கவனியுங்கள்: பல பவர் பேங்க்குகள், இழுக்கும் கரண்ட் மிகக் குறைவாக இருந்தால் எதுவும் சொருகவில்லை என்று நினைத்து அணைந்துவிடும். ஒரு இரவு முழுக்க ஓடுகிறதா என்று நீங்கள் வீட்டில் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: அண்ணா, இன்வர்ட்டரில் ஃபில்டர், ஹீட்டர், லைட் எல்லாம் மாட்டிவிடலாமா?

ஏர் பம்ப்பை மட்டும் மாட்டுங்கள், தம்பி. சின்ன ஏர் பம்ப் 3 வாட் போல எடுக்கும், ஹீட்டர் 100 வாட். 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி பேட்டரியில் இருப்பது 84 வாட் மணி. அதில் பாதி வீணானாலும் பம்ப் 14 மணி நேரம் ஓடும். ஹீட்டரை மாட்டினால் அரை மணி நேரம்கூட ஓடாது. தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் குளிர்ந்துவிடாது. தொட்டி பெரிதாக ஆக இன்னும் மெதுவாகத்தான் குளிரும். லைட் இல்லாவிட்டால் மீனுக்கு ஒன்றும் ஆகாது.

கேள்வி: என்னிடம் கேனிஸ்டர் ஃபில்டர் இருக்கிறது. கரண்ட் வந்ததும் அதுவே ஓடிக்கொள்ளும்தானே?

ஓடும். எனக்குப் பயமே அதுதான். கேனிஸ்டர் என்பது தொட்டிக்கு வெளியே இருக்கும் மூடிய டப்பா. அதற்குள் தண்ணீர் நின்றுவிட்டால், கழிவைச் சிதைத்துத் தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்கும் பாக்டீரியா அங்குள்ள ஆக்ஸிஜனை முடித்துவிட்டுச் சாக ஆரம்பிக்கும். சேர்ந்திருக்கும் கழிவு அழுகும். பல மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்ததும் அத்தனையும் ஒரே மூச்சில் தொட்டிக்குள் போகும்.

ஒரு முறை நான் ஊரிலிருந்து திரும்பியபோது, முந்தைய இரவு முழுக்கக் கரண்ட் இல்லை என்று கீழ்வீட்டில் சொன்னார்கள். கதவைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம். தண்ணீர் அரிசி கழுவிய நீர் மாதிரி கலங்கியிருந்தது. நியான் டெட்ராக்கள் செடியின் அடியில் ஒதுங்கிக் கிடந்தன, அந்தச் சிவப்புக் கோடு வெளுத்துப்போய். ஃபில்டர் மட்டும் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு, கேனிஸ்டர் இருக்கும் தொட்டியிலும் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரை எப்போதும் போட்டே வைத்திருக்கிறேன். பயணத்துக்கு ஆறு வாரம் முன்பாவது போட்டால்தான் அதில் பாக்டீரியா குடியேறும். ஏர் பம்ப்பில் ஓடுவதால், ஒரே பேட்டரியில் காற்றும் வடிகட்டலும் கிடைத்துவிடும். கேனிஸ்டரை, கரண்ட் திரும்பினாலும் ஆஃபிலேயே நிற்கும்படி அமைக்கக்கூடிய ஸ்மார்ட் பிளக்கில் மாட்டுகிறேன். கரண்ட் பத்து நிமிடம் போய் வந்தாலும் கேனிஸ்டர் நின்றுவிடும் என்பது உண்மைதான். ஆனாலும் ஸ்பாஞ்ச் பழகியிருந்தால் அது சின்ன நஷ்டம். திரும்பி வந்ததும் உள்ளே இருக்கும் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மீடியாவை (உள்ளே நிரப்பியிருக்கும் வடிகட்டும் பொருட்களை) தொட்டியிலிருந்து மொண்டெடுத்த தண்ணீரில் அலசிய பிறகே ஓட விடுங்கள்.

கேள்வி: ஆட்டோ ஃபீடர் வைத்துவிட்டுப் போகிறேன். சரியா?

வேண்டாம் என்பேன். அது பேட்டரியில் ஓடும். கரண்ட் போனது அதற்குத் தெரியாது. ஃபில்டர் நின்ற தண்ணீரிலும் நேரத்துக்கு இரையைக் கொட்டிக்கொண்டே இருக்கும், அது அழுகி அம்மோனியாவாகும். வளர்ந்த, ஆரோக்கியமான மீன் ஒரு வாரம் பட்டினி கிடக்கும். குஞ்சுகள் இருந்தால்தான் கவலை, அப்போது ஆள்தான் வைக்க வேண்டும். கிளம்பும் நாளன்று இரை போடவே வேண்டாம். "பாவம், நாலு நாள் இருக்காதே" என்று கூடுதலாக ஒரு பிடி போடுவதுதான் பல தொட்டிகளைக் கெடுக்கிறது.

கேள்வி: என்னிடம் ஒரே ஒரு பெட்டா மீன். இவ்வளவும் தேவையா?

தேவையில்லை. பெட்டாவும் கௌராமியும் மேலே வந்து காற்றையே நேராக விழுங்கும். மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே இடைவெளி விடுங்கள், போதும்.

கேள்வி: செடித் தொட்டி, சர்க்கரையும் ஈஸ்ட்டும் கலந்த பாட்டிலிலிருந்து கார்பன் டை ஆக்சைடு விடுகிறேன்.

கிளம்பும் முன் குழாயைத் தொட்டியிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். அது கரண்ட் இல்லாமலும் வந்துகொண்டே இருக்கும். இருட்டில் செடிகளும் ஆக்ஸிஜனைத்தான் எடுக்கும். குழாயின் வாயை மட்டும் அடைத்துவிடாதீர்கள், பாட்டில் வெடிக்கும்.

கேள்வி: பக்கத்து வீட்டு அம்மாவிடம் சாவி கொடுக்கிறேன். அவருக்கு மீன் பற்றி ஒன்றும் தெரியாது. என்ன சொல்லிவிட்டுப் போவது?

ஒரே ஒரு வேலை சொல்லுங்கள். கரண்ட் போய் ரொம்ப நேரமானால், ஒரு குவளையால் தொட்டித் தண்ணீரையே மொண்டு, ஒரு சாண் உயரத்திலிருந்து திரும்ப ஊற்ற வேண்டும். ஐந்து நிமிடம், ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை. மீன் மேலே வந்து வாயடித்தால் இன்னும் அடிக்கடி. முன்கூட்டியே அவரைக் கூப்பிட்டு, உங்கள் முன்னால் ஒரு தடவை செய்யச் சொல்லுங்கள். இரை டப்பாவைக் கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிடுங்கள், அன்பால் போட்டுவிடுவார்கள்.

கேள்வி: எல்லாம் வாங்கி மாட்டிவிட்டேன். நம்பிப் போகலாமா?

ஒரு விடுமுறை நாளில் தொட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு எட்டு மணி நேரம் கூடவே இருங்கள். பேட்டரி பம்ப் தானாக எழுகிறதா, ஏர் குழாய் வழியாகத் தண்ணீர் பின்னோக்கி இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் செக் வால்வு (தண்ணீரைத் திரும்ப விடாத சின்ன அடைப்பான்) போட வேண்டும், இல்லையென்றால் தரை நனைந்து பம்ப்பும் போகும். சாயங்காலம் திரும்பச் சொருகுங்கள். கேனிஸ்டர் இருந்தால் முதலில் அதை அலசிவிடுங்கள். வருடக்கணக்கில் நிற்காமல் ஓடிய ஃபில்டர் மோட்டார் ஒரு தடவை நின்றால் சில நேரம் பிறகு கிளம்பாமல் உறுமிக்கொண்டு நிற்கும். அப்படியானால் இம்பெல்லரை (தண்ணீரைத் தள்ளும் சின்ன விசிறியை) கழற்றி, அதன் குழியில் படிந்திருக்கும் வழவழப்பைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள்.