காய்ந்த செடிக்கு எதற்கு அலமாரி? (கடிதம்)

வணக்கம் சார்,

எம்.எஸ்சி. தாவரவியல் படிக்கிறேன். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் தன் ஹெர்பேரியத்தை (உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டிச் சேர்த்துவைக்கும் இடம்) மூடப்போவதாக 2024-ல் அறிவித்த செய்தியை இப்போதுதான் படித்தேன். எங்கள் துறையிலும் அலமாரிகளை எடுத்துவிட்டு கம்ப்யூட்டர் லேப் வைக்கலாம் என்று பேச்சு. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டால் போதாதா? டி.என்.ஏ. காலத்தில் காய்ந்த செடிகளால் என்ன பயன்? இதில் வேலைவாய்ப்பு உண்டா?

கா.

அன்புள்ள கா.,

வேலைவாய்ப்பை உங்கள் பேராசிரியரிடம் கேளுங்கள். டி.என்.ஏ. எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள்? அயர்லாந்துப் பஞ்சத்துக்குக் காரணமான உருளைக்கிழங்கு நோய்க்கிருமி எந்த வகை என்று 2013-ல் கண்டுபிடித்தது, ஹெர்பேரியங்களில் கிடந்த பத்தொன்பதாம் நூற்றாண்டு இலைகளிலிருந்துதான்.

ஸ்கேன் வேண்டும். திருச்சியில் உட்கார்ந்துகொண்டு லண்டன் கியூ தாவரவியல் பூங்காவில் இருக்கும் ஷீட்டை, அதாவது செடி ஒட்டிய தாளை, பார்க்க முடிவது வரம். ஆனால் படத்தில் இருக்கும் பூவை வெந்நீரில் ஊறவைத்து, இதழ் பிரித்து, சூல்பையைக் குறுக்கே வெட்டி அறைகளை எண்ண முடியுமா? வகைப்பாட்டு வகுப்பே அங்கேதானே தொடங்குகிறது. டியூக்கில் சேர்ந்திருந்த ஷீட்டுகள் எட்டு லட்சத்துக்கும் மேல். நாளைக்கு ஒருவன் அவற்றில் எதைத் தேடுவான் என்று இன்றைய ஸ்கேனருக்குத் தெரியாது. 1987-ல் உட்வர்டு என்பவர் கேம்பிரிட்ஜ் ஹெர்பேரியத்தின் பழைய இலைகளில் இலைத்துளைகளை எண்ணினார். காற்றில் கரியமில வாயு ஏற ஏற, இருநூறு வருடங்களில் துளைகளின் அடர்த்தி சுமார் 40 சதவீதம் குறைந்திருந்தது. இலையை ஒட்டிவைத்தவர்கள் இதற்காகவா ஒட்டினார்கள்?

சரி, என் கோபம் வேறு. நான் படித்தபோது ஹெர்பேரியம் என்றால் பிராக்டிகலுக்கு மார்க் வாங்கித்தரும் ஒரு பொட்டலம். சீனியர் விட்டுப்போன ஆவாரையையும் தும்பையையும் ஜூனியர் வாங்கி, லேபிளைச் சுரண்டிவிட்டுத் தன் பதிவெண்ணை ஒட்டுவான். ‘இடம்: கல்லூரி வளாகம்’. வளாகத்தில் பேருக்கு ஓர் ஆவாரஞ்செடி கிடையாது! இப்போதும் இதுதான் நடக்கிறது என்று கேள்வி. நீங்களும் அப்படித்தான் வைத்திருப்பீர்கள், மறுக்காதீர்கள்.

லேபிள் இல்லாத ஷீட் வெறும் சருகு. தேதி, ஊர், ஏரிக்கரையா பாறையிடுக்கா, செடியின் உயரம், காய்ந்தால் போய்விடும் பூவின் நிறம், ஊர்க்காரர் சொல்லும் பெயர், சேகரித்தவர் பெயர், எண். செடி பாதி, இது பாதி. கேம்பிரிட்ஜில் ஹென்ஸ்லோ என்ற பேராசிரியர் ஒரே இனத்தின் செடிகளைப் பல இடங்களிலிருந்து வாங்கி ஒரே ஷீட்டில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுவார். எது எங்கே வளர்ந்தது என்று எழுதுவார். ஒரே இனம் எவ்வளவு தூரம் மாறும் என்று கண்ணால் பார்க்கலாம். அவருடைய மாணவர் டார்வின். கலாபகஸ் தீவுகளில் அந்த ஆள் சிட்டுகளை எந்தத் தீவில் பிடித்தோம் என்று சரியாகக் குறிக்காமல் விட்டார். பிறகு கப்பலில் வந்த மற்றவர்களின் சேகரிப்பைப் பார்த்து ஊகிக்க வேண்டியதாயிற்று. செடிகளை மட்டும் பெரும்பாலும் தீவு வாரியாகக் குறித்திருந்தார். ஹூக்கர் என்ற தாவரவியலாளர் அவற்றை வைத்துத்தான் தீவுக்குத் தீவு தாவரங்கள் வேறுபடுவதைக் காட்டினார். வாத்தியார் சொல்லிக்கொடுத்த பழக்கம், அவ்வளவுதான்.

நம் ஊரிலும் உண்டு. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பாதிரியார் மேத்யூ 1967-ல் தொடங்கிய ராபினாட் ஹெர்பேரியத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். தமிழகத் தாவரங்களைப் பற்றிய அவருடைய பெரிய நூல்கள் அந்த ஷீட்டுகளின்மேல் நிற்பவை.

அலமாரியைக் காலி செய்துதான் தீருவார்கள் என்றால், எடைக்குப் போட விடாதீர்கள். கோவையில் இருக்கும் பி.எஸ்.ஐ.க்கோ (மத்திய அரசின் தாவரவியல் ஆய்வு நிறுவனம்) ராபினாட்டுக்கோ எழுதும்படி துறைத்தலைவரை நச்சரியுங்கள். அதற்குள் பதிவேட்டையும் ஷீட்டையும் ஒப்பிட்டு, லேபிள் பிய்ந்தவற்றைச் சரிசெய்யுங்கள். அப்புறம், பழைய ஷீட்டுகளில் பூச்சிக்காக மெர்க்குரிக் குளோரைடு என்ற விஷத்தைப் பூசியிருப்பார்கள். கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.